சத்தமும் சாட்சியும்: நவீன பிக்கப் வண்டிகளின் எரிபொருள் பம்ப்களைப் புரிந்துகொள்ளுதல்

இரவு ஏழு மணிக்கு வாசலில் நிறுத்திய டொயோட்டா டகோமாவின் அடியிலிருந்து நள்ளிரவு பன்னிரண்டு மணிக்கு ஒரு முனகல் கேட்கிறது. என்ஜின் ஓடவில்லை. சாவி வீட்டுக்குள் ஆணியில் தொங்குகிறது. முனகல் சில நிமிடங்கள் நீடித்துத் தானாக அடங்குகிறது. அமெரிக்காவில் இந்த வண்டியைப் புதிதாக வாங்கிய பலருக்கு, எரிபொருள் பம்ப் அணையாமல் ஓடி பேட்டரியைத் தின்கிறதோ என்ற பயம் இப்படித்தான் தொடங்குகிறது.

விடை வண்டியோடு வந்த கையேட்டிலேயே இருக்கிறது. என்ஜினை அணைத்துச் சுமார் ஐந்து மணி நேரம் கழித்து, டேங்கிலிருந்து பெட்ரோல் ஆவி எங்காவது கசிகிறதா என்று வண்டி தன்னைத்தானே சோதித்துக்கொள்கிறது. ஆவியைப் பிடித்துவைக்கும் கரித்தூள் பெட்டியோடு இணைந்த ஒரு குட்டிக் காற்றுப் பம்ப் அதற்காக ஓடுகிறது. ஐந்து மணி நேரம் காத்திருப்பதற்கும் காரணம் உண்டு. பெட்ரோல் சூடாக இருந்தால் ஆவி விரிந்து கணக்கைக் குழப்பிவிடும். ஐந்தாம் மணியிலும் சூடு தணியவில்லை என்றால் ஏழாம் மணியில், அதற்கும் பிறகு ஒன்பதரை மணியில் மீண்டும் முயலும்.

இந்தச் சின்னச் சம்பவத்துக்குள் ஒரு பெரிய கேள்வி இருக்கிறது. கடந்த பதினைந்து ஆண்டுகளில் வந்த பிக்கப் வண்டிகள் பழைய வண்டிகள் எழுப்பாத ஒலிகளை எழுப்புகின்றன. அவற்றில் எது இயல்பு, எது நோய்? ஒலிக்கும் வண்டியின் இழுவைக்கும் என்ன தொடர்பு? பல வகை வண்டிகளின் அமைப்பையும் அவை பழுதான வரலாற்றையும் ஒப்பிட்டுப் பார்த்து நான் வந்து சேர்ந்த முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உரக்கக் கேட்கும் பம்ப் பெரும்பாலும் ஆரோக்கியமாகவே இருக்கிறது. உரிமையாளரை நடுரோட்டில் நிறுத்திய பெரிய பழுதுகளில் பல, சத்தமே போடாமல் வந்தவை. ஆகவே ஒலியை மட்டும் கேட்பவர் இரண்டு பக்கமும் ஏமாறுவார்: தேவையில்லாத பம்ப்பை மாற்றிப் பணத்தை இழப்பார், தேவையானதை மாற்றாமல் என்ஜினை இழப்பார். ஒலியையும் வண்டியின் நடத்தையையும் சேர்த்துப் படித்தால்தான் அது சாட்சியாகிறது.

ஒரு பம்ப் மூன்றான கதை

கார்புரேட்டர் காலத்துப் பிக்கப்பில் ஒரே ஒரு பம்ப். என்ஜின் பக்கவாட்டில் பொருத்தியிருக்கும். கேம் ஷாஃப்ட் ஒரு நெம்புகோலைத் தட்டும். உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வு மேலும் கீழும் ஆடி பெட்ரோலை இழுத்துத் தரும். அழுத்தம் ஐந்தாறு பி.எஸ்.ஐ. டயருக்கு 32 பாயிண்ட் காற்று வைக்கச் சொல்கிறோமே, அந்தப் பாயிண்ட்தான் பி.எஸ்.ஐ. டயர்க் காற்றில் ஐந்தில் ஒரு பங்கு அழுத்தம் அன்றைய என்ஜினுக்குப் போதுமானதாக இருந்தது.

1980களில் பிக்கப்களுக்கு எரிபொருள் பீய்ச்சும் முறை வந்தபோது இந்தச் சவ்வுப் பம்ப் விடைபெற்றது. மின்சாரப் பம்ப் டேங்குக்குள் இறங்கியது. அந்தப் பத்தாண்டின் பிற்பாதியில் ஃபோர்டு பிக்கப்களில் டேங்குக்குள் ஒரு பம்ப், சேசிஸ் சட்டத்தில் இன்னொரு பம்ப் என இரண்டு இருந்தன. சட்டத்தில் இருந்தது இரும்பைத் தொட்டுக்கொண்டே ஓடியதால் அதன் ரீங்காரம் ஓட்டுநர் இருக்கை வரை கேட்டது. ஜெனரல் மோட்டார்ஸின் முதல் தலைமுறை அமைப்பு 9 முதல் 13 பி.எஸ்.ஐ.யில் ஓடியது. 1996-இல் அதன் வோர்டெக் என்ஜின்கள் வந்தபோது தேவை 60 முதல் 66 பி.எஸ்.ஐ. வரை உயர்ந்தது. அழுத்தம் அதிலிருந்து ஏழெட்டு பாயிண்ட் இறங்கினாலே என்ஜின் ஸ்டார்ட் ஆக மறுக்கும். ‘பம்ப் ஓடும் சத்தம் கேட்கிறது, ஆனால் வண்டி எடுக்கவில்லை’ என்ற புகார் அந்த என்ஜின்களோடுதான் பரவலாயிற்று. பம்ப் ஓடுவது வேறு, போதிய அழுத்தம் தருவது வேறு என்ற பாடத்தை அமெரிக்க மெக்கானிக்குகள் அப்போது கற்றார்கள்.

அடுத்த தாவல் மிகப் பெரியது. 2011-இல் ஃபோர்டு எஃப்-150 பிக்கப்பில் 3.5 லிட்டர் ஈகோபூஸ்ட் என்ஜின் வந்தது. பெட்ரோலை வால்வுக்கு முன்னால் தூவாமல் சிலிண்டருக்குள்ளேயே நேராகப் பீய்ச்சும் முறை அது. 2014-இல் ஷெவர்லே சில்வராடோவின் வி6, வி8 என்ஜின்கள் இந்த முறைக்கு மாறின. 2016-இல் டகோமாவின் வி6 வந்தது. 2025-இல் ராம் 1500 வண்டிக்கு வந்த ஹரிக்கேன் என்ஜின் 350 பார், அதாவது 5,075 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் பீய்ச்சுகிறது. நேராகப் பீய்ச்ச வேண்டுமென்றால் சில மில்லி விநாடிகளுக்குள், அமுங்கிக்கொண்டிருக்கும் காற்றின் எதிர்ப்பை மீறி, பெட்ரோலைப் புகைபோல நுணுக்கித் தர வேண்டும். டேங்குக்குள் இருக்கும் மின்பம்ப்பால் அது ஆகாது. அதனால் என்ஜினின் மேல், கேம் ஷாஃப்ட் இயக்கும் இரண்டாவது பம்ப் ஒன்று ஏறியது. இதோடு ஆவிக் கசிவைச் சோதிக்கும் மூன்றாவது பம்ப்பையும் சேர்த்தால், பாட்டன் காலத்து ஒரு பம்ப் இன்று சில வண்டிகளில் மூன்றாகியிருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் தனிக் குரல்.

டேங்குக்குள் இருப்பதன் குரல்

முதல் குரல் வண்டியின் பின்பக்கத்திலிருந்து வருவது. சாவியைத் திருப்பியதும், சில வண்டிகளில் ஓட்டுநர் கதவைத் திறந்ததுமே, இரண்டு விநாடி ஒரு மெல்லிய ‘ம்ம்’ கேட்கும். குழாய்களில் அழுத்தம் ஏற்றிவைப்பதற்கான ஓட்டம் அது. நாதஸ்வரக் கச்சேரியில் ஒத்து ஊதுவதுபோல, பின்னணியில் சீராக நிற்க வேண்டிய குரல்.

பழைய வண்டிகளில் இந்தப் பம்ப் எப்போதும் முழு வேகத்தில் ஓடியது. தேவைக்கு மேற்பட்ட பெட்ரோல் என்ஜின் வரை போய், சூடேறி, டேங்குக்கே திரும்பியது. இன்றைய பெட்ரோல் பிக்கப்கள் பலவற்றில் என்ஜினிலிருந்து திரும்பும் குழாய் கிடையாது. கணினியே பம்ப்பின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிறது. ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது குரல் ஏறுவதும் விடும்போது இறங்குவதும் அதனால்தான். பழைய வண்டியின் ஒரே சுருதிக்குப் பழகிய காது இந்த ஏற்ற இறக்கத்தைக் கோளாறு என்று எடுத்துக்கொள்கிறது.

கவலைப்பட வேண்டிய மாற்றங்கள் வேறு. வாரத்துக்கு வாரம் கூடிக்கொண்டே போகும் கீச்சுக்குரல், டேங்கில் பெட்ரோல் குறைந்ததும் உரத்து நிறைந்ததும் அடங்கும் சத்தம், வெயில் நாளில் மட்டும் வரும் சத்தம் ஆகியவை பம்ப்புக்குப் போதிய பெட்ரோல் வந்து சேரவில்லை என்பதைக் காட்டும். பம்ப்பைச் சுற்றி நிற்கும் பெட்ரோல்தான் அதன் மோட்டாரைக் குளிர்விக்கிறது. வடிகட்டி அடைத்தாலும் டேங்க் வறண்டாலும் குளிர்ச்சி போய்ச் சூடு ஏறும். இரண்டு விநாடி ‘ம்ம்’ அடியோடு கேட்காமல் போவது இவை எல்லாவற்றையும் விடத் தெளிவான அறிகுறி.

அப்போதும் குற்றவாளி பம்ப்பாகவே இருக்க வேண்டியதில்லை. 2004 முதல் 2008 வரை வந்த எஃப்-150 வண்டிகளில் பம்ப்புக்கு மின்சாரம் அளக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி, ஸ்டெப்னி டயருக்கு மேலே சேசிஸ் சட்டத்தில் பொருத்தப்பட்டிருந்தது. பெட்டி அலுமினியம், சட்டம் இரும்பு. பனி கரையச் சாலையில் தூவும் உப்பும் ஈரமும் இடையில் சேர்ந்தபோது அலுமினியம் அரித்துப்போனது. ஓடும் வண்டி நின்றது, நின்ற வண்டி எடுக்கவில்லை. டேங்கை இறக்கி நல்ல பம்ப்பை மாற்றிய பிறகும் பழுது அப்படியே இருந்தது. பம்ப் பேசாமல் இருந்தால், அதற்குப் பேச மின்சாரம் வந்ததா என்று முதலில் கேட்க வேண்டும்.

என்ஜின் மேல் இருப்பதன் குரல்

பெரும்பாலான சந்தேகங்களுக்குக் காரணம் உயர் அழுத்தப் பம்ப்தான். அதன் வேலை எளிது. கேம் ஷாஃப்டில் மூன்று அல்லது நான்கு புடைப்புகள் கொண்ட ஒரு சக்கரம் சுற்றுகிறது. ஒவ்வொரு புடைப்பும் ஒரு சிறிய பிஸ்டனைத் தட்டுகிறது. பிஸ்டன் மேலேறும்போது எந்த நொடியில் நுழைவு வால்வை மூடுவது என்று கணினி முடிவு செய்கிறது. முன்பே மூடினால், இன்ஜெக்டர்களுக்குப் பங்கிடும் ‘ரெயில்’ என்ற குழாய்க்கு நிறைய பெட்ரோல் போகும்; தாமதித்து மூடினால் கொஞ்சம்தான் போகும், மீதி வந்த வழியே திரும்பும். இந்த வால்வு தன் இருக்கையில் போய் மோதுவதும், அழுத்த அலை குழாயில் திடுக்கென்று ஏறுவதும் சேர்ந்ததுதான் ‘டிக் டிக்’.

நெடுஞ்சாலையில் டயர், காற்று, என்ஜின் ஒலிகள் இதை மூடிவிடும். சிக்னலில் நிற்கும்போதும் சந்துச் சுவர்களுக்கு நடுவே மெதுவாக ஊரும்போதும் நன்றாகக் கேட்கும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் இன்னும் உரக்கக் கேட்கும். சைலன்சர் வழியிலுள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சீக்கிரம் சூடாக்குவதற்காகக் கணினி ஒரே சுற்றில் பெட்ரோலைப் பிரித்துப் பீய்ச்சுகிறது, ஐட்லிங்கையும் ஏற்றிவைக்கிறது. அந்த முதல் நிமிடத்தின் படபடப்பைக் கேட்டுப் பயந்து வண்டியை விற்றவர்களும் இருக்கிறார்கள்.

தயாரிப்பாளர்களுக்கு இந்த ஒலி தெரியும். ஜெனரல் மோட்டார்ஸ் தன் 2014 என்ஜின்களில் பம்ப்பை இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில், இரண்டு சிலிண்டர் வரிசைகளுக்கு நடுவே புதைத்து, ஒலி உறிஞ்சும் பஞ்சுப் பொருளால் போர்த்தியது. என்ஜின் மேல் மூடியிருக்கும் பிளாஸ்டிக் கவரும் அழகுக்காக மட்டும் வைத்ததல்ல. அதைக் கழற்றி எறிந்தவருக்கு டிக் சத்தம் கூடித்தான் கேட்கும்.

இன்னொரு குழப்பம் இரட்டைப் பீய்ச்சு முறையால் வந்தது. சிலிண்டருக்குள் நேராகப் பீய்ச்சினால் இன்டேக் வால்வின் முதுகைப் பெட்ரோல் கழுவுவதில்லை. எண்ணெய் ஆவி படிந்து கரி ஏறுகிறது. அதற்கு மருந்தாக டகோமாவின் வி6, 2017-க்குப் பிந்தைய 3.5 ஈகோபூஸ்ட், 2018-க்குப் பிந்தைய ஃபோர்டு 5.0 வி8 ஆகியவற்றில் வால்வுக்கு முன்னால் தூவும் இன்ஜெக்டர்களும் சேர்ந்தே இருக்கின்றன. எந்த நேரத்தில் எதற்கு எவ்வளவு பங்கு என்பதைக் கணினி மாற்றிக்கொண்டே இருக்கும். அதனால் டிக் சத்தம் ஒரு கணம் கேட்டு, மறு கணம் காணாமல் போய், பிறகு திரும்பி வரும். விட்டு விட்டு வருவதால் இது பழுது என்று தோன்றும். இந்த என்ஜின்களில் விட்டு விட்டு வருவதுதான் இயல்பு.

எண்ணிப் பார்த்தால் பிடிபடும்

பம்ப்பின் பெயரில் பழி ஏற்றப்படும் மற்ற ஒலிகளைப் பிரிக்க ஒரு எளிய கணக்கு உண்டு. ஐட்லிங் நிமிடத்துக்கு 600 சுற்று என்று வைத்துக்கொள்வோம். கேம் ஷாஃப்ட் அதில் பாதி, 300 சுற்று. மூன்று புடைப்புள்ள பம்ப் விநாடிக்கு 15 முறை தட்டும். நான்கு புடைப்பு என்றால் 20 முறை. எட்டு சிலிண்டர் என்ஜினில் இன்ஜெக்டர்கள் அனைத்தும் சேர்ந்து விநாடிக்கு 40 முறை திறந்து மூடும். ஆனால் ஒரே ஒரு சிலிண்டரில் கோளாறு இருந்தால், அது வால்வைத் தூக்கும் ஒரு லிஃப்டரின் தட்டலாக இருந்தாலும் ஒரு எக்ஸாஸ்ட் வாயிலின் கசிவாக இருந்தாலும், விநாடிக்கு ஐந்து முறைதான் கேட்கும்.

இந்த வேறுபாட்டைக் காது உணரும். விநாடிக்கு ஐந்தை விரலால் தொடையில் தட்டிப் பின்தொடரலாம். பதினைந்தும் இருபதும் தையல் மெஷின் ஓடுவதுபோல ஒட்டிக் கேட்கும், விரல் தோற்றுப்போகும். நாற்பது ஏறக்குறைய ரீங்காரமாகிவிடும். விரலால் தட்ட முடிகிற டிக், பம்ப் டிக்காக இருக்க வாய்ப்புக் குறைவு.

அப்படித் தட்ட முடிகிற டிக்குகளில் முதலாவது எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு போல்ட் உடைவது. ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ், ராம் என எல்லா நிறுவனங்களின் வி8 பிக்கப்களிலும் இது சகஜம். குளிர்ந்த என்ஜினில் உரக்கக் கேட்டு, இரும்பு சூடேறி விரிந்து இடைவெளியை அடைத்ததும் அடங்கிவிடும். சூடானதும் போகிற டிக் என்றால் முதலில் போல்ட்களைப் பார்க்க வேண்டும். இரண்டாவது, ராம் ஹெமி என்ஜினின் பெயர் பெற்ற லிஃப்டர் தேய்மானம். சூடான பிறகும் அது போகாது. விட்டுவைத்தால் கேம் ஷாஃப்டையே அரித்துவிடும்.

மூன்றாவது வகை டிக், ஆவியை என்ஜினுக்குள் விடும் பர்ஜ் வால்வு. இதைக் கண்டுபிடிப்பது எளிது. ஆக்சிலரேட்டரைச் சற்று மிதித்தால் பம்ப்பும் லிஃப்டரும் என்ஜினோடு சேர்ந்து வேகமெடுக்கும். பர்ஜ் வால்வு தன் தாளத்தை மாற்றாமல் அப்படியே தட்டிக்கொண்டிருக்கும். கணினி அதற்கென்று வைத்த தாளம் அது. என்ஜின் சுற்றுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

வண்டியில் பிக்கப் இல்லை என்றால்

தமிழ்நாட்டில் பிக்கப் என்பது வண்டியின் பெயர் மட்டுமல்ல, அதன் வேகமெடுக்கும் திறனுக்கும் அதுவே பெயர். ‘பிக்கப் இல்லை, ஜர்க் அடிக்குது, மிஸ்ஸிங் ஆகுது’ என்று நம் ஓட்டுநர்கள் பிரித்துச் சொல்வது உண்மையில் நல்ல நோயறிதல். ஏனென்றால் ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு.

காலையில் மட்டும் ஸ்டார்ட்டர் நெடுநேரம் சுற்றி, பிறகு நன்றாக ஓடும் வண்டியில் பெரும்பாலும் அழுத்தம் இரவில் வடிந்திருக்கிறது. பம்ப்பில் உள்ள ஒருவழி வால்வு அல்லது ஒரு இன்ஜெக்டர் ஒழுகுகிறது. ஸ்டார்ட் செய்யாமல் சாவியை இரண்டு மூன்று முறை ஆன் செய்து, ஒவ்வொரு முறையும் அந்த இரண்டு விநாடி ஓட்டத்தை முடிக்கவிட்டுப் பிறகு ஸ்டார்ட் செய்தால் உடனே பிடித்துக்கொள்ளும். பிடித்தால் சந்தேகம் உறுதியாகிறது.

பெட்ரோல் போட்ட உடனே மட்டும் ஸ்டார்ட் ஆகத் திணறி, இருமி, பிறகு சரியாகும் வண்டியில் பம்ப் நன்றாகவே இருக்கும். பர்ஜ் வால்வு திறந்தபடி சிக்கியிருக்கிறது. டேங்க் நிரம்பும்போது தள்ளப்பட்ட ஆவியெல்லாம் என்ஜினுக்குள் வந்து கலவையைக் கெடுக்கிறது. மலிவான ஒரு வால்வு போதும். விலை உயர்ந்த பம்ப் வீண்.

ஐட்லிங்கில் சீராக, தட்டையான சாலையில் நன்றாக ஓடி, டிரெய்லர் கட்டி மேடு ஏறும்போது மட்டும் மூச்சு வாங்கினால் கவனம் தேவை. அழுத்தம் ஓரளவு இருக்கிறது, அளவு போதவில்லை. களைத்த பம்ப்பும் அடைத்த வடிகட்டியும் சும்மா நிற்கும்போது சமாளித்துவிடும். பாரம் கேட்கும்போதுதான் கைவிடும். கணினி அப்போது ‘ரெயில் அழுத்தம் குறைவு’ என்ற பி0087 குறியீட்டைப் பதிந்து, என்ஜினைக் காக்கச் சக்தியைக் குறைத்துவிடும்.

எரிபொருள் கோளாறுபோல வேடமிடும் பழுதும் உண்டு. ஈகோபூஸ்ட் என்ஜினின் தொடக்க ஆண்டுகளில், ஈரப்பதம் மிகுந்த நாளில் நெடுஞ்சாலையில் சீராக ஓடிவிட்டு முந்துவதற்காக அழுத்தி மிதித்தால் வண்டி தடுமாறியது. இன்டர்கூலரில் ஈரம் குளிர்ந்து நீராகத் தேங்கி, மிதித்ததும் ஒரே வீச்சில் என்ஜினுக்குள் போனதுதான் காரணம். அதற்குக் காற்றோட்டத்தை மாற்றும் திருத்தத்தை ஃபோர்டு கொண்டுவந்தது. உணர்வு பெட்ரோல் தட்டுப்பாடு போலவே இருந்தும், எத்தனை பம்ப் மாற்றினாலும் தீராத பழுது அது.

எண்ணெய் அளவுக் கம்பியில் மட்டம் குறைவதற்குப் பதில் ஏறி, பெட்ரோல் வாடையும் அடித்தால், உயர் அழுத்தப் பம்ப்பின் சீல் ஒழுகிப் பெட்ரோல் எண்ணெயோடு கலக்கக்கூடும். குளிர் நாட்டில் குறுந்தூரம் மட்டுமே ஓட்டினாலும் ஓரளவு இப்படி நடக்கும் என்பதால் இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். இந்தப் பழுதும் ஒலி எழுப்பாது. வாரம் ஒருமுறை கம்பியை உருவிப் பார்ப்பவர்தான் இதைப் பிடிப்பார்.

சத்தமில்லாமல் போகும் பம்ப்கள்

1998-இன் நடுவிலிருந்து 2002 வரை டாட்ஜ் ராம் பிக்கப்பின் கம்மின்ஸ் டீசல் என்ஜினில் விபி44 என்ற உயர் அழுத்தப் பம்ப் இருந்தது. அதற்கு டீசல் ஊட்டும் சிறிய லிஃப்ட் பம்ப் என்ஜின் மேலேயே, அதிர்விலும் சூட்டிலும் இருந்தது. சிறியது களைத்துவிடும்; ஆனால் வண்டி ஓடிக்கொண்டிருக்கும், ஏனெனில் பெரியது தானே இழுத்துக்கொள்ளும். டீசல்தான் பெரிய பம்ப்புக்குக் குளிர்ச்சி, அதுதான் மசகு. இரண்டும் இன்றி அது சத்தமில்லாமல் வெந்து, ஒருநாள் நின்றுவிடும். இதை உணர்ந்த உரிமையாளர்கள் டாஷ்போர்டில் தங்கள் செலவில் ஒரு அழுத்த மீட்டரைப் பொருத்தத் தொடங்கினார்கள். காதுக்கு எட்டாததைக் கண்ணுக்குக் கொண்டுவந்த அந்த வழக்கத்தை, இந்தத் துறையில் சாதாரண மனிதர்கள் கண்டடைந்த மிகச் சிறந்த தீர்வு என்பேன்.

அடுத்து பாஷ் நிறுவனத்தின் சிபி3, சிபி4 பம்ப்கள். 2001-இல் ஜெனரல் மோட்டார்ஸின் டியூராமேக்ஸ் டீசலோடு காமன் ரெயில் முறை அமெரிக்கப் பிக்கப்புக்கு வந்தபோது சிபி3 வந்தது. மூன்று பிஸ்டன், உறுதியான உடல். 2011-இல் ஃபோர்டு 6.7 பவர்ஸ்ட்ரோக்கும் டியூராமேக்ஸும் இரண்டு பிஸ்டன் கொண்ட சிபி4.2-க்கு மாறின. அதில் கேமின் மேல் ஒரு உருளை உருண்டு பிஸ்டனைத் தள்ளும். டீசலில் காற்றோ நீரோ புகுந்தாலும் வழுக்கும் தன்மை குறைந்தாலும் அந்த உருளை தன் வழியிலிருந்து திரும்பிக்கொள்ளலாம். திரும்பினால் உருள்வது நின்று தேய்க்கத் தொடங்கும். இரும்புத் துகள் டீசலோடு கலந்து ரெயில், இன்ஜெக்டர், டேங்க் வரை பரவும். பம்ப் ஒன்று போனால் எரிபொருள் அமைப்பு முழுவதும் போகும்.

இதில் எரிபொருளின் பங்கும் பெரிது. காற்று மாசைக் குறைக்க 2006 முதல் அமெரிக்கச் சாலை டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 15 பங்காகக் குறைக்கப்பட்டது. கந்தகத்தை நீக்கும் அதே சுத்திகரிப்பு டீசலின் இயற்கையான வழவழப்பையும் நீக்கிவிடுகிறது. சேர்மானம் கலந்து அதை ஈடுகட்ட வேண்டும். அமெரிக்கத் தரம் சோதனையில் 520 மைக்ரான் தேய்மானம் வரை அனுமதிக்கிறது. ஐரோப்பியத் தரம் 460 மைக்ரானோடு நிறுத்துகிறது. ஐரோப்பாவில் வடிவமைத்த பம்ப் அமெரிக்க டீசலில் திணறியதற்கு இந்த இடைவெளி ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. ஜெனரல் மோட்டார்ஸ் 2017-இல் டென்சோ பம்ப்புக்கு மாறியது. ராம் 2019, 2020 ஆண்டுகளில் மட்டும் சிபி4-ஐப் பொருத்திப் பார்த்துவிட்டு 2021-இல் சிபி3-க்கே திரும்பியது. அந்த இரண்டு ஆண்டு வண்டிகளில் இரண்டு லட்சத்து இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவை 2021 நவம்பரில் திரும்ப அழைக்கப்பட்டன.

பெட்ரோல் பக்கத்திலும் கதை இதுவே. 2020 ஜனவரியில் டொயோட்டா, டகோமா, டன்ட்ரா உள்ளிட்ட ஏறத்தாழ ஏழு லட்சம் வண்டிகளை அமெரிக்காவில் திரும்ப அழைத்தது; பின்னர் எண்ணிக்கை பல மடங்கு பெருகியது. டேங்க் பம்ப்பின் பிளாஸ்டிக் இம்பெல்லர் அடர்த்தி குறைவாக வார்க்கப்பட்டிருந்ததால் பெட்ரோலை உறிஞ்சி ஊதி, பம்ப்பின் சுவரில் உரசி நின்றுவிடும் என்பதே காரணம். 2025 ஜூலையில் ஃபோர்டு, எஃப்-150 உட்பட 2021 முதல் 2023 வரையிலான ஆண்டுகளின் சுமார் எட்டரை லட்சம் வண்டிகளை, டேங்க் பம்ப் பழுதாகி ஓட்டத்தில் என்ஜின் நின்றுவிடலாம் என்று திரும்ப அழைத்தது. டேங்கில் பெட்ரோல் குறைவாகவும் சூடாகவும் இருக்கும்போது ஆபத்து அதிகம் என்றும் அது அறிவித்தது.

தீராத வாதங்கள்

டேங்க் கால்வாசிக்குக் கீழே இறங்கக் கூடாது என்பது பழைய அறிவுரை. இன்றைய பம்ப் ஒரு சிறு தொட்டிக்குள் உட்கார்ந்திருக்கிறது, டேங்க் குறைந்தாலும் அந்தத் தொட்டி நிறைந்தே இருக்கும், எனவே இது வெறும் நம்பிக்கை என்பவர்கள் உண்டு. தொட்டி இருப்பது உண்மை. ஆனால் பெட்ரோல் குறைந்தால் உள்ளதும் சீக்கிரம் சூடாகும் என்பதும் உண்மை. ஃபோர்டின் 2025 அறிவிப்புக்குப் பிறகு, கோடையில் பாரம் இழுப்பவர்களாவது பழைய அறிவுரையைப் பின்பற்றுவதே சரி என்பது என் நிலைப்பாடு.

டீசலில் வழவழப்புச் சேர்மானம் ஊற்றுவது குறித்தும் வாதம் உண்டு. தேய்மானத்தை அது குறைக்கும்; நீரையும் காற்றையும் அது அகற்றாது. வடிகட்டியின் அடியிலுள்ள நீரைத் தவறாமல் வடித்துவிடுவதுதான் முதல் காப்பு. அதைச் செய்யாமல் சேர்மானம் மட்டும் ஊற்றுவதில் பயன் குறைவு.

இந்தக் கதையில் நமக்கும் பங்கு உண்டு. மகிந்திரா பொலீரோ பிக்கப்பும் இசுசூ டி-மேக்ஸும் காமன் ரெயில் டீசல்கள்தான். நாமக்கல், சங்ககிரி பக்கத்து லாரிப் பட்டறைகளில் ‘மைகோ பம்ப்’ என்று இன்றும் சொல்வது, பாஷின் இந்தியக் கிளையான மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனியின் பழைய சுருக்கப் பெயர். அந்தக் காலத்துப் பம்ப்பைத் திறந்து கழுவி அளவு வைக்க முடிந்தது. ஸ்குரூடிரைவரின் ஒரு முனையை பம்ப்பில் வைத்து மறுமுனையைக் காதில் ஒட்டி நோயைச் சொன்ன கைகள் நம்மிடம் இருந்தன. அந்தக் காதுக்கு மதிப்பு இன்னும் போகவில்லை. இன்றைய பம்ப்புக்கு அது மட்டும் போதாது.

நான்கு கேள்விகள்

ஆகவே சத்தத்தோடு பட்டறைக்குப் போகும் முன் உரிமையாளர் நான்கு கேள்விகளுக்கு விடை எழுதிக்கொள்வது நல்லது. எப்போது கேட்கிறது: குளிரில், சூட்டில், டேங்க் குறையும்போது, வண்டி நின்ற பிறகு? எங்கிருந்து: பின்னாலிருந்தா, என்ஜின் மேலிருந்தா, சக்கரத்தின் பக்கத்திலிருந்தா? எத்தனை முறை: விரலால் தட்ட முடிகிறதா, என்ஜினோடு வேகமெடுக்கிறதா? எதனோடு சேர்ந்து: இழுவை குறைந்ததா, ஸ்டார்ட் தாமதமானதா, எண்ணெய் மட்டம் ஏறியதா?

அடுத்து ஒரு சிறிய ஸ்கேனர் கருவி. கணினி கேட்கும் ரெயில் அழுத்தம் ஒரு எண், உண்மையில் கிடைக்கும் அழுத்தம் இன்னொரு எண். மேடு ஏறும்போது இரண்டும் சேர்ந்தே போனால், டிக் எவ்வளவு உரக்கக் கேட்டாலும் பம்ப் நலமாக இருக்கிறது. கிடைப்பது பின்தங்கினால், எவ்வளவு அமைதியாக இருந்தாலும் பம்ப்போ அதற்கு முன்னால் உள்ள ஏதோ ஒன்றோ தோற்றுக்கொண்டிருக்கிறது. இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும்: ஓடும் என்ஜினின் உயர் அழுத்தக் குழாயை ஒருபோதும் தளர்த்தக் கூடாது, கசிவைக் கையால் தடவிப் பார்க்கக் கூடாது. அந்த அழுத்தத்தில் பீறிடும் எரிபொருள் தோலைத் துளைத்து உள்ளே போகும். துளை சிறியதாகத் தெரிந்தாலும் அது உடனே அறுவை மருத்துவரிடம் போக வேண்டிய காயம்.

நள்ளிரவில் முனகிய அந்த டகோமாவை இந்தக் கேள்விகளோடு பார்த்தால் பயம் கலைந்துவிடும். நிறுத்தி ஐந்து மணி நேரம் கழித்து, வண்டியின் அடியிலிருந்து, சில நிமிடம் மட்டும், காலை ஸ்டார்ட்டில் எந்தத் தடுமாற்றமும் இன்றி வந்த ஒலி அது. எல்லா விடைகளும் ஒரே பக்கம் சேர்கின்றன. அதே தெருவில், எந்தச் சத்தமும் இல்லாமல் நின்றுகொண்டு, நேற்று டிரெய்லரோடு மேடு ஏறும்போது ஒரே ஒருமுறை மூச்சு வாங்கிய பக்கத்து வீட்டு வண்டியைத்தான் அதன் உரிமையாளர் நாளைக் காலையில் முதலில் பட்டறைக்கு அனுப்ப வேண்டும்.